பட்டமரத்தில் ஒரு பெட்டி

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்துகொடுக்கும் ஒரு லேபில் அவள் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்துவந்தாள். கட்டடத்தின் கீழ்த்தளம். ஜன்னல் என்று பேருக்கு ஒன்று உண்டு. அதில் தெரிவதெல்லாம் நடைபாதையில் போகிறவர்களின் கணுக்கால்தான். நீள மேஜை, நான்கு விளக்கு, நான்கு நாற்காலி, எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் பிளாஸ்டர் தூசு. அவளுடையது கடைசிக் கட்ட வேலை. செய்து முடித்த பல்லுக்கு நிறம் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பல் மஞ்சள் என்றால் இதுவும் மஞ்சள். அதில் டீக்கறை படிந்திருந்தால் இதிலும் ஒரு துளி கறை. விரிசல் இருந்தால் மயிரிழை போல ஒரு கோடு.

"வெள்ளைப் பல்லு யார் வேணா பண்ணுவாங்க. பொய்ப்பல்லுன்னு தெரியாத பல்லுக்கு இவங்கதான்," என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். அவள் தலை நிமிராமல் தூரிகையைத் துடைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அந்தப் பேச்சு பிடிக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. எட்டு வருடம் முன்பு ஒருநாள் அவளுடைய அண்ணன் இரண்டு பெட்டிகளோடு வந்து கதவைத் தட்டினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று, கூடவே வேலையும். அண்ணி அதற்கு முன்பே அவரைப் பிரிந்து போயிருந்தாள். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன் குட்டி," என்றார். ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவளை 'குட்டி' என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் பாக்கி. இரண்டு மாதம் எட்டு வருடமானதைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

அண்ணனுக்கு நல்ல நாட்களும் உண்டு, கெட்ட நாட்களும் உண்டு. கெட்ட நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன டீ, சாயங்காலம் ஏடு படிந்து அப்படியே இருக்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடக்கவும் சொன்னார். "எங்க நடக்க? போக ஒரு இடம் வேணாமா?" என்று அண்ணன் கேட்டார். அந்த இடத்தைக் காட்டியது பழைய வேலைத்தோழர் ஒருவர் சொல்லிக்கொடுத்த விளையாட்டு.

யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிலோ பூங்காவிலோ ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஓர் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போவார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"கண்டுபிடிச்சா என்ன தருவாங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் தர மாட்டாங்க. பேரு எழுதலாம்."

"அதை வீட்லயே உக்காந்து எழுதலாமே அண்ணா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார் என்பதால் அவள் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிப் போவார், சாயங்காலம் செருப்பில் சேறோடு வருவார். பாலத்தின் அடியில், பூங்கா பெஞ்சுக்குக் கீழே, பழைய கல்தூணின் இடுக்கில் என்று ஒரு வருடத்தில் எண்பது பெட்டிகள் கண்டுபிடித்தார். பிறகு ஒருநாள், "நாமளும் ஒண்ணு வைக்கலாமா?" என்றார். 'நாமளும்' என்ற அந்தச் சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டினால் காடு. அதற்குள் அரைமணி நடையில், பாதையிலிருந்து சற்று உள்ளே, மேற்பாதி முறிந்து விழுந்த பட்டமரம் ஒன்று நின்றது. நெஞ்சு உயரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. ஆணி அடிக்கக்கூடாது, பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்று விளையாட்டுக்கு விதி உண்டு. பொந்து ஏற்கெனவே இருந்ததால் இரண்டும் தேவைப்படவில்லை. ஒரு மருந்து டப்பாவை உள்ளே வைத்து, மரப்பட்டை போலவே ஒரு மூடி செய்து பொந்தை அடைத்துவிட வேண்டும். அது அவள் பொறுப்பு.

வாயில் அச்செடுக்கும் சிலிகான் மாவைக் கேட்டு முதலாளி முன் போய் நின்றாள்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"மரத்துல அச்செடுக்க சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "மரத்துக்கு எத்தனை பல்லு கொட்டிப்போச்சு?"

கேட்டாரே தவிர, டப்பாவை முழுதாகவே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். மஞ்சள் மாவையும் நீல மாவையும் சேர்த்துப் பச்சையாகும்வரை பிசைந்து, பொந்துக்குப் பக்கத்துப் பட்டையின் மேல் அப்பி, இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். பிரித்தெடுத்தபோது பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் அதில் வந்திருந்தது, ஒரு பூச்சி போன தடம் உட்பட. அதை வைத்து லேபில், வேலை நேரம் முடிந்தபின், பல் வார்க்கும் பிசினில் மூடியை வார்த்தாள். பல்லுக்கென்றால் கடைசியில் மெருகேற்றுவாள். இதற்கு மெருகே கூடாது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றாள். சாம்பல், பழுப்பு, பாசியின் மங்கிய பச்சை என்று பதினோரு தடவை பூசினாள்.

முதல் மூடி தோற்றது. மழை பெய்ததும் மரம் கறுத்தது, மூடி கறுக்கவில்லை. "பாதையிலேர்ந்தே தெரியுது குட்டி, தேமல் மாதிரி," என்றார் அண்ணன். அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு விழுந்துகிடந்த பட்டையை அள்ளிவந்து, லேபின் அரைக்கும் இயந்திரத்தில் பொடியாக்கி, பிசின் இறுகுமுன் மேலே தூவி அழுத்தினாள். பொடி தண்ணீரை இழுத்தது. அடுத்த மழையில் மூடியும் மரத்தோடு சேர்ந்து கறுத்தது. அண்ணன் மரத்துக்கு முன்னால் நின்று, "எங்க வச்சே?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். லேபில் இருபத்தாறு வருடத்தில் கிடைக்காத ஒன்று அந்தக் கேள்வியில் அவளுக்குக் கிடைத்தது.

இணையத்தில் இடத்தைப் பதிந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், தேடினார்கள், திரும்பிப் போனார்கள். மரங்களுக்கு நடுவில் போன் காட்டும் இடம் பத்தடி முன்னே பின்னே இருக்கும். அதற்குள் ஏழெட்டு மரம். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வரிசையாகப் பதிவுகள் விழுந்தன. முதலில் அண்ணன் அவற்றைக் காலை டீயோடு உரக்கப் படித்தார். "இவரு மூணு மணி நேரம் தேடிருக்காரு குட்டி! பொண்டாட்டி திட்டுறான்னு எழுதிருக்காரு!" இருவரும் சிரித்தார்கள். ஆறு மாதம் போயிற்று. எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. அண்ணன் படிப்பதை நிறுத்தினார். மாதம் ஒருமுறை தனியாகப் போய்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அவர் சுவரைப் பார்த்துப் படுக்கும் நாட்கள் மறுபடி கூடின.

இலையுதிர்காலம் தொடங்கியபோது இணையதளத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இத்தனை பேர் தேடியும் கிடைக்காததால், பெட்டி இருக்கிறதா என்று உரிமையாளர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

"கொஞ்சம் லேசாக்கேன் குட்டி," என்றார் அண்ணன். "ஓரத்துல ஒரு சிவப்பு நூலு தொங்கவிட்டாக்கூடப் போதும். யாராவது ஒருத்தர் பேரெழுதட்டும்."

"லேசாக்கினா அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடுபட்டேன்? தேடத் தெரியாதவங்களுக்காக நான் வேலையைக் கெடுத்துக்கணுமா?"

"உனக்கு யாரும் கண்டுபிடிக்கக்கூடாது, அதானே?"

"ஆமா. அதுக்குத்தானே பண்ணினது."

"எனக்கு யாராவது வரணும்," என்றார் அண்ணன். பிறகு, "எடுத்துடறேன், விடு," என்றார்.

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. ஊன்றுகோலும் பழுப்பு மழைச்சட்டையும் இல்லை. போன் அணைந்திருந்தது. மத்தியானத்திலிருந்தே மழை. ஏழு மணிக்கு அவள் போலீசுக்குச் சொன்னாள். வயது, முழங்கால், மாத்திரை, விளையாட்டு, பட்டமரம், அதன் எண்கள் எல்லாவற்றையும் பெண் அதிகாரி ஒருவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

விடிந்ததும் நாற்பது பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். அவளும் வருவதாகச் சொன்னாள். அதிகாரி விடவில்லை. "நீங்க வீட்ல இருங்கம்மா. அவர் திரும்பி வந்தா கதவு திறக்க ஆள் வேணும்." அவள் வாசல் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு அதிகாரி போனில் அழைத்தார்.

"நீங்க சொன்ன இடத்துக்குப் போனோம். மரம் இருக்கு. பெட்டி எதுவும் இல்லம்மா. நல்லாத் தேடிட்டாங்க."

அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. அண்ணன் சொன்னபடி பெட்டியை எடுத்துவிட்டார்.

"அதை எடுக்கறேன்னு சொன்னாருங்க," என்றாள். "எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சிருச்சு."

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். "அப்போ எடுத்துட்டு அங்கேர்ந்து கிளம்பிட்டாரு போல. கோவமா போனவர் வேற எங்க போவார்?"

வேண்டாத யோசனையெல்லாம் அவளுக்கு வந்தது. காட்டுக்கு மறுபுறம் ஏரி ஒன்று உண்டு. அண்ணன் கெட்ட நாட்களில் என்னென்ன பேசியிருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஏரி என்று அவளேதான் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரும் ஏரிப் பக்கம் மாற்றப்பட்டார்கள். படகு வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள்.

பொந்து திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அவள் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சாவியைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள். காட்டுக்குள் ஆளரவமில்லை. மரங்களுக்கிடையே கட்டிய பிளாஸ்டிக் நாடா ஒன்று காற்றில் படபடத்தது. அந்த வெற்றுப் பொந்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியாததும் ஒரு காரணம்.

பட்டமரத்தின் முன் நின்றாள். பொந்தைக் காணவில்லை. மரம் மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்து மரத்தைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். பிறகுதான் கையை நீட்டினாள். விரல் நுனிக்குப் பூச்சி போன தடம் தட்டுப்பட்டது. இரண்டு விரலால் ஓரத்தை நெம்பினாள். மூடி சத்தமில்லாமல் கையில் வந்தது. உள்ளே டப்பா இருந்தது.

குறிப்பேட்டைத் திறந்தாள். வெளியாள் பெயர் ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுவதும் அண்ணனின் கையெழுத்து, மாதத்துக்கு ஒரு வரி. 'பெட்டி பத்திரம். யாரும் வரவில்லை.' 'பத்திரம். ஒரு மரங்கொத்தி வந்தது, அதற்கு எழுதத் தெரியாது.' 'பத்திரம். குட்டியின் வேலை அப்படி.' கடைசி வரிக்குக் கீழே செவ்வாய்க்கிழமைத் தேதி. 'பெட்டி பத்திரம். எடுக்கத்தான் வந்தேன், மனசு வரவில்லை. மழை பிடித்துவிட்டது. குறுக்குவழியில் கிளம்புகிறேன்.'

"அண்ணா!" என்று கத்தினாள். நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினாள். பிறகு அதிகாரியை அழைத்தாள்.

அவர்கள் வந்துசேர நாற்பது நிமிடம். கண்டுபிடிக்க அதில் பாதிகூட ஆகவில்லை. மரத்திலிருந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கிச் சரிவில் இறங்கும் ஒற்றையடித் தடம் ஒன்று இருந்தது. எழுபது தப்படியில் ஒரு ஓடை வெட்டு. வழுக்கி அதற்குள் விழுந்திருந்தார். பெரணிச் செடிகள் மேலே மூடியிருந்தன, இலைகள் உதிர்ந்து பழுப்புச் சட்டையை மறைத்திருந்தன. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. போன் தண்ணீரில் கிடந்தது. உயிர் இல்லை. புதன்கிழமை காலையில் தேடும் வரிசை அந்தச் சரிவுக்கு இறங்க இருந்தது. அதற்குள் ஏரிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டாள். "புதன்கிழமை காலையில இருந்தாரா?"

"குளிர், அடி, வயசு... நேரத்தைத் துல்லியமா சொல்ல முடியாதும்மா," என்றார் அவர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. தெரியாதவர்கள் அப்படிக் காகிதத்தைப் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி கேட்கவில்லை.

பத்தாம் நாள் லேபுக்குப் போனாள். முதலாளி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு முன்பல் காத்திருந்தது. நிறம் கலந்தாள். எப்போதும் ஒரே தடவையில் வருவது அன்றைக்கு நான்கு தடவை கலந்தும் வரவில்லை. ஐந்தாவது தடவை வந்தது. பல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண் மெல்ல அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

மாதம் ஒன்று கழிந்தபின் தேடுதல் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். அகன்ற தோளும் கட்டைக் குரலுமான மனிதர். ஊன்றுகோலையும் போனையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். டீயைக் குடிக்காமல் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு அந்த மரத்துல சாஞ்சுக்கிட்டு நின்னவன் நான்தாம்மா," என்றார். "தோள் அந்த மூடி மேலயே பட்டிருக்கும். பெட்டி இல்லன்னு சொன்னதும் நான்தான். தப்பு எங்களோடது."

"நீங்க என்ன பண்ணுவீங்க? தெரியக்கூடாதுன்னே பண்ணினது அது," என்றாள் அவள். "எனக்கே தெரியலையே."

"நீங்க உங்களைச் சொல்லிக்காதீங்க."

"வேற யாரைச் சொல்ல?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். வந்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார். புதிதாகக் குழுவில் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த மூடி கிடைக்குமா? பார்ப்பது வேறு, தேடுவது வேறு என்று எத்தனை சொன்னாலும் அவர்களுக்கு உறைப்பதில்லை. அதைக் காட்டினால் உறைக்கும்.

அவள் உள்ளே போய் மூடியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். குறிப்பேட்டைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பட்டமரத்தின் பொந்தில் இப்போது ஒரு நீல நிறச் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. கடையில் வாங்கியது. மூடி மறைக்கும் எதுவும் இல்லை. பாதையிலிருந்தே பளிச்சென்று தெரியும். இணையப் பக்கத்தை மூடவிடாமல், பெட்டி மாற்றப்பட்டது என்று மட்டும் அவள் எழுதிப் போட்டாள். முதல் வாரமே பதினோரு பேர் பெயரெழுதினார்கள். 'ரொம்ப சுலபம், ஏமாற்றம்,' என்று ஒருவர். 'பேனா எழுதவில்லை,' என்று ஒருவர். அடுத்த ஞாயிறு அவள் புதுப் பேனா வாங்கிப் போனாள்.

ஈரமான தாளை மாற்ற அவள் மாதம் ஒருமுறை போகிறாள். குறுக்குவழியில் போவதில்லை. போன தடவை அங்கே நடுத்தர வயதுக் கணவன் மனைவி இருவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"நீங்களும் தேடுறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லங்க. சும்மா வந்தேன்."

கணவர் நிமிர்ந்தார், டப்பாவைப் பார்த்துவிட்டார். "இதோ!" என்று கத்தினார். அவர்களுக்கு அதுதான் முதல் பெட்டியாம். மனைவி பெயரை எழுதினாள். கணவர் தேதி போட்டார். எங்கே கையெழுத்து, எங்கே தேதி என்று கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். பிறகு, மூவரும் தெரிகிற மாதிரி, அதாவது தாங்கள் இருவரும் டப்பாவும், ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள்.

அவள் போனை வாங்கி எடுத்துக்கொடுத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று அவர்கள் சொன்னதால் இன்னொன்றும் எடுத்தாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சுச்சத்தம் பாதையில் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தாள். டப்பாவைத் திறந்து, அவர்கள் எழுதியதைப் படித்தாள். இரண்டு பெயர், ஒரு தேதி, வேறொன்றுமில்லை. ஈரத் தாளை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தாள். பேருந்துக்கு இன்னும் நேரமிருந்தது.